பெயர் கேட்காத விளையாட்டு

சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூரை நோக்கிச் செல்லும் அகன்ற சாலையில், ஷிப்ட் மாறும் வேளைகளில் வரிசையாக வரும் கம்பெனி பஸ்களின் ஜன்னல்களை ஏறிட்டுப் பார்க்கிறவர்களுக்கு, உள்ளே உறங்காமல் இருக்கும் இளைஞர்கள் கைபேசித் திரையின்மேல் குனிந்திருப்பதும், அவர்களில் சிலர் பாட்டையும் படத்தையும் விட்டு ஏதோ ஒரு விளையாட்டில் தம்மை மறந்திருப்பதும் புதிய காட்சியல்ல. கைபேசி இந்த வட்டாரத்துக்கு அந்நியப் பொருளும் அல்ல. 2006-ஆம் ஆண்டில் நோக்கியா நிறுவனம் இங்கே ஆலை திறந்து, 2014-இல் அதை மூடிவிட்டுப் போயிற்று. இன்று சுங்குவார்சத்திரத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருப்பெற்று உலகமெங்கும் செல்கின்றன. நோக்கியாக் கைபேசிகளில் இருந்த பாம்பு விளையாட்டுக்குக் கதாநாயகன் கிடையாது. தின்னத் தின்ன நீளும் ஒரு கோடு மட்டுமே உண்டு. பிறகு வந்த விளையாட்டுகளிலோ ஓர் ஆள் வந்து நின்றுவிட்டான். அந்த ஆள் யார், அவனைப் படைப்பது யாருடைய உரிமை என்பதைப் பற்றித்தான் இங்கே எழுத எடுத்துக்கொண்டேன்.

வீடியோ கேம் என்பதே பொழுதைக் கெடுக்கும் சமாசாரம், அதற்குள் கதாநாயகன் எவனாயிருந்தால் என்ன என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. அவர்களுடைய இளமையில் நாவலையும் சினிமாவையும் பற்றி அவர்களுடைய பெரியவர்கள் சொன்ன வார்த்தையைத்தான் அவர்களும் சொல்லுகிறார்கள். என் அபிப்பிராயம் வேறொன்று. பாத்திரமேற்று ஆடும் ரகத்தைச் சேர்ந்த விளையாட்டுகளில், அதாவது ஆடுகிறவர்கள் ஆர்.பி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்லும் விளையாட்டுகளில், பெயரும் முகமும் குரலும் முன்கதையும் ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்ட ஒரு ரெடிமேட் கதாநாயகனை நம் கையில் ஒப்படைப்பதைக் காட்டிலும், நாமே ஒருவனையோ ஒருத்தியையோ உருவாக்கிக்கொள்ள இடம் தருவதுதான் அந்தக் கலையின் சுபாவத்துக்கு உகந்தது. ரெடிமேட் நாயகனால் கிடைக்கும் லாபங்களை நான் மறுக்கவில்லை என்றாலும், அவனால் வரும் நஷ்டங்கள் அவற்றைவிடப் பெரியவை.

இந்த ரகத்தின் பூர்வீகத்தைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். அதற்குக் கணினி வேண்டியதில்லை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர், தாளும் பென்சிலும், சில பகடைகள், இவ்வளவே போதும். ஆடுகிற ஒவ்வொருவரும் முதலில் செய்ய வேண்டிய காரியம் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்வது: வலிமை, சாதுரியம், தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், வசீகரம் ஆகிய ஆறு குணங்களுக்கும் பகடை உருட்டி எண்களைப் பெற்று, ஒரு பெயரிட்டு, ஒரு தொழிலைக் கொடுத்து, அதன் பிறகே கதைக்குள் காலெடுத்து வைப்பது. பாத்திரம் பிறந்த பின்புதான் கதை பிறந்தது என்பது இந்த வம்சத்தின் முதல் சம்பிரதாயம். கணினிக்கு வந்த பிறகும் நெடுங்காலம் அது மாறவில்லை. 1986-இல் ஜப்பானில் வெளிவந்து அந்த நாட்டையே ஆட்டிவைத்த டிராகன் குவெஸ்ட், ஆடுகிறவனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்கிற்று. அதன் நாயகன் வாய் திறந்து பேசுவதில்லை, பேசுகிறவர்கள் எல்லாரும் அவனை நோக்கிப் பேசுகிறவர்களே.

மாற்றுக் கட்சியின் தலைசிறந்த சாட்சி போலந்து நாட்டிலிருந்து வருகிறான். ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி என்ற எழுத்தாளர் 1986 முதல் எழுதிய கதைகளில் உலவிய கெரால்ட் என்ற வெண்முடி வேட்டைக்காரனை, சி.டி. புராஜெக்ட் ரெட் என்ற நிறுவனம் 2007-இல் தி விட்சர் என்ற பெயரில் விளையாட்டாக்கியது. 2015-இல் வந்த மூன்றாம் பாகம் இந்த நூற்றாண்டின் மிகச் சிறந்த விளையாட்டுகளுள் ஒன்றென்று பலராலும் போற்றப்படுகிறது. அந்தப் புகழ்ச்சியில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. கெரால்ட்டுக்கு ஒரு தொழில், ஒரு வளர்ப்பு மகள், இரண்டு காதலிகள், நெடுநாள் பகைகள், வறண்ட நகைச்சுவை எல்லாம் உண்டு. ஊர் மக்கள் அவனைக் கண்டு முகம் சுளிப்பதற்கும் தேவைப்படும்போது கூப்பிடுவதற்கும் காரணம் உண்டு. ஆனால் அவனோடு நூறு மணி நேரம் நடந்தவனுக்கு, கெரால்ட்டை நன்றாகத் தெரிந்துகொண்டேன் என்ற திருப்தி கிட்டுமே தவிர, நான் அங்கே இருந்தேன் என்ற உணர்ச்சி கிட்டுவதில்லை. பேர்பெற்ற மனிதர் ஒருவரின் காரியதரிசியாக ஊர் ஊராகச் சுற்றிவந்த அநுபவம் அது.

இந்த வித்தியாசம் தமிழ் படித்தவனுக்குப் புதிதல்ல என்பதுதான் எனக்கு வியப்பூட்டும் விஷயம். தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு ஒரு விதி வகுத்தது: அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைமக்களை இன்னார் என்று பெயர் சுட்டிச் சொல்லலாகாது. அரசனுடைய வெற்றியையும் வள்ளலுடைய கொடையையும் பாடும் புறத்திலே பெயர் வரலாம், வரவும் வேண்டும். காதலைப் பாடும் அகத்திலே தலைவன், தலைவி, தோழி, செவிலி என்ற நிலைகளே பேசும். இந்த விதியை நம் முன்னோர் எவ்வளவு கண்டிப்பாகக் கொண்டார்கள் என்பதற்கு நக்கீரர் பாடிய நெடுநல்வாடையே சான்று. பிரிந்த தலைவியின் துயரத்தையும் வாடைக் காலத்தின் குளிரையும் அத்தனை நுட்பமாகச் சொல்லும் அந்தப் பாட்டில் வேப்பந்தழை சூட்டிய வேல் ஒன்று வந்துவிடுகிறது. வேம்பு பாண்டியனுக்குரிய அடையாளமாதலால், பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளைச் சொன்னதாயிற்று என்று கண்டு, நச்சினார்க்கினியர் அதைப் புறமென்றே தீர்த்துவிட்டார். ஒரு மாலையளவு அடையாளம் அகத்தைப் புறமாக்கிவிடும் என்றால், முகமும் குரலும் குலமுறையும் சேர்ந்து என்ன செய்யாது?

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ரெடிமேட் நாயகனின் வக்கீல்கள் அடிக்கடி எழுப்பும் ஆட்சேபத்துக்கு அதுதான் விடை. நாயகனைக் காலியாக விட்டால் கதையும் காலியாகிவிடுமே என்கிறார்கள். அகப்பாட்டின் தலைவனுக்குப் பெயர் இல்லையே தவிர, அவன் நிற்கும் நிலம் காலியாக இல்லை. தினைப்புனம் எப்போது விளைகிறது, கிளியை யார் ஓட்டுகிறார்கள், யானை எந்தப் பக்கம் இறங்கும், மழைக்கு முன் எந்தப் பூ மலரும், பிரிந்தவன் திரும்புவதாகச் சொல்லிப்போன பருவம் எது என்பதெல்லாம் அங்கே துல்லியமாக உண்டு. ஆளை அடையாளம் காட்டாமல் விட்டுவிட்டு, அவன் அகப்பட்டுக்கொண்டிருக்கும் சந்தர்ப்பத்தைக் கல்லில் செதுக்கினாற்போலச் சொல்வதுதான் அந்தக் கவிதையின் மர்மம். வாசகன் உள்ளே நுழைவதற்கான வாசல் ஆளில் இருக்கிறது. உள்ளே நுழைந்தவன் வெளியேறாமல் நிற்பதற்கான காரணம் நிலத்தில் இருக்கிறது. விளையாட்டைப் படைப்பவர்களும் தம் உழைப்பைக் கதாநாயகனின் ஜாதகத்தில் கொட்டுவதற்குப் பதில் அவன் நடக்கப்போகும் பூமியில் கொட்டுவார்களானால், காலியான நாயகனைப் பற்றிய பயம் தேவையற்றதாகிவிடும்.

இதை விளக்க ஃபாலவுட் என்ற ஒரே வரிசையில் ஐந்து ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு விளையாட்டுகளைப் பார்த்தாலே போதும். இரண்டும் அணுயுத்தத்தில் அழிந்த அமெரிக்காவில் நடப்பவை. 2010-இல் அப்சிடியன் நிறுவனம் படைத்த ஃபாலவுட்: நியூ வேகாஸில், ஆடுகிறவன் ஒரு கூரியர், பொட்டலம் கொண்டுபோகும் வழியில் தலையில் சுடப்பட்டுப் பாலைவனத்தில் புதைக்கப்படுகிறான். அவனைத் தோண்டியெடுத்துக் கொண்டுவந்த சிற்றூரில், பிழைக்கவைத்த கிழ வைத்தியர் கட்டிலருகில் உட்கார்ந்து முதலில் கேட்பது, உன் பெயர் ஞாபகமிருக்கிறதா என்பதுதான். பெயரைச் சொன்ன பிறகு, முகம் சரியாக ஒட்டியிருக்கிறதா பார் என்று கண்ணாடி போன்ற ஒரு கருவியை நீட்டுகிறார். நாம் முகத்தை அமைத்துக்கொள்கிறோம். சில கேள்விகள் கேட்கிறார்; நம் சுபாவம் அமைகிறது. அதன் பிறகு வாசலைத் திறந்துவிடுகிறார். வெளியே ஹூவர் அணைக்கட்டை யார் வைத்திருப்பது என்று ஒரு குடியரசும், ரோமாபுரிக் கோலம் பூண்ட ஒரு கொடுங்கோலனின் படையும், சூதாட்ட நகரத்தை ஆளும் ஒரு விசித்திரக் கோடீசுவரனும் மோதிக்கொண்டிருக்கிறார்கள். நமக்கு ஜாதகம் இல்லை. அந்தப் பூமிக்கு இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும், எந்தப் பக்கமும் சாயாமல் நின்றாலும், அது நம்முடைய காரியம்.

2015-இல் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட ஃபாலவுட் 4 மறுபுறம் நிற்கிறது. முகத்தை மணிக்கணக்கில் செதுக்கிக்கொள்ள அதிலும் இடமுண்டு, ஆனால் ஆணாக ஆடினால் நீ முன்னாள் சிப்பாய், பெண்ணாக ஆடினால் நீ சட்டம் படித்தவள், உனக்குக் கல்யாணமாகிவிட்டது, கைக்குழந்தை ஒன்று உண்டு, உன் துணையைச் சுட்டுக் கொன்று குழந்தையைத் தூக்கிப் போய்விட்டார்கள், போ, தேடு என்று கட்டளையும் உடன் வருகிறது. நாயகனுக்குக் குரல் கொடுத்துவிட்டதால் ஒவ்வொரு வாக்கியத்தையும் நடிகரைக் கொண்டு பதிவு செய்ய வேண்டியதாயிற்று. பேச்சு எந்த இடத்திலும் நான்கு விடைகளுக்கு மேல் போகாதபடி கட்டுண்டது. ஐந்து நிமிடம் மட்டுமே கண்ட ஒரு குழந்தைக்காகத் தவிக்கும்படி அது நம்மை நிர்ப்பந்திக்கிறது. நாமோ வழியில் கண்ட ஊர்களில் வீடு கட்டிக்கொண்டும் தகரத்தைப் பொறுக்கிக்கொண்டும் திரிகிறோம். தகப்பனின் துயரம் குரலில் மட்டும் அவ்வப்போது வந்துபோகிறது, காலில் இல்லை. உரையாடலை அமைத்த அந்த முறை நினைத்தபடி பலிக்கவில்லை என்பதை அதன் இயக்குநர் டாட் ஹோவர்டே பின்னர் ஒப்புக்கொண்டார். அதே நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஸ்டார்ஃபீல்டில் நாயகன் மறுபடியும் மௌனியாகிவிட்டான். முகத்தை மட்டும் நம்மிடம் கொடுத்து ஜென்மத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஃபாலவுட் 4-இன் கலப்படத்தை, கெரால்ட்டைவிடவும் மோசமானதென்றே நான் கருதுகிறேன். கெரால்ட்டாவது நான் நீயல்ல என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறான்.

ரெடிமேட் நாயகனின் குறை அவனைப் படைத்தவர்களுக்கே தெரியும் என்பதற்கு வேடிக்கையான அத்தாட்சி ஒன்று உண்டு. அவனுக்கு அடிக்கடி ஞாபகமறதி வந்துவிடும். தி விட்சர் முதல் பாகத்தில் கெரால்ட் நினைவிழந்தவனாகவே தோன்றுகிறான். 1999-இல் வந்து இன்றும் கதைக்காகப் புகழப்படும் பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்டின் நாயகன் தன் பெயரையே மறந்து சவக்கிடங்கில் கண் விழிக்கிறான். 2019-இல் வந்த டிஸ்கோ எலிசியத்தில் துப்பறிவாளன் ஒருவன் குடித்துக் குடித்துத் தான் யாரென்பதையே தொலைத்துவிட்டு ஓட்டல் அறையில் எழுந்திருக்கிறான். நம் சினிமாவுக்குப் பழகிய தந்திரம்தான். நாயகனுக்குத் தெரிந்தது ஆடுகிறவனுக்குத் தெரியாது என்ற இடைவெளியை அடைக்க வேறு வழியில்லாமல், கொடுத்த ஜாதகத்தைத் தாமே அழித்துவிட்டுத் தொடங்குகிறார்கள். பின்னிரண்டும் உயர்ந்த படைப்புகள். அவை உயர்ந்ததற்கு ஒரு காரணம், நான் யார் என்ற கேள்வியை ஆடுகிறவனின் கையிலேயே விட்டதுதான்.

எதிர்க்கட்சியின் பலமான வாதத்தை இனியும் தள்ளிப்போடுவது நியாயமல்ல. பாத்திரமேற்பது என்றாலே பிறனாக மாறுவதுதானே, அதில் நீயாக இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பானேன் என்று அவர்கள் கேட்கலாம். இதே காஞ்சிபுரம் சீமையில் கூத்தாடும் கலைஞன், துரியோதனன் வேஷம் கட்டும்போது துரியோதனனின் குணத்தை நான்தான் நிர்ணயிப்பேன் என்று சொல்லுகிறானா? காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் எத்தனையோ பிள்ளைகளைப் பயிற்றுவித்ததும், திரௌபதியம்மன் திருவிழாக்களில் பதினெட்டாம் போர் நாளன்று படுகளத்தில் வந்து நிற்கும் துரியோதனனைக் கண்டு ஊரே உருகுவதும், ஏற்கெனவே எழுதப்பட்ட ஒரு பாத்திரத்துக்குள் மனிதன் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சான்றல்லவா?

சான்றுதான். ஆனால் அந்தக் கலைஞனுக்குக் கிடைக்கும் சுதந்திரத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும். பாட்டு வகுத்தபடி இருந்தாலும், இடையில் வரும் வசனத்தை அவன் இரவுக்கு இரவு புதிதாகப் பேசுகிறான். கட்டியங்காரன் குறுக்கே புகுந்து ஊர் வம்பை இழுத்தால் துரியோதனனும் அதற்கு ஈடுகொடுக்கிறான். கிரீடத்தின் கனமும் புஜகீர்த்தியின் உறுத்தலும் அவனுடைய தேகத்தில் ஏறுகின்றன. எதிரே விடிய விடிய உட்கார்ந்திருக்கும் சனங்கள் அவனை ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள். விதி மாறாது, ஆள் மாறுவான். திரையிலுள்ள ரெடிமேட் நாயகனிடத்தில் இவற்றுள் எது நமக்குக் கிடைக்கிறது? அவனுடைய வசனத்தைப் பேசுகிறவர் வேறொரு தேசத்து நடிகர். அங்க அசைவு வேறொருவருடையது. நாம் செய்வது இரண்டு மூன்று வாக்கியங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவது. அதையும் தொட்ட பிறகு, நாம் நினைத்த தொனியில் அல்லாமல் அவனுக்குத் தோன்றிய தொனியில் அவன் பேசிவிட, ஐயையோ, இதையா சொல்லச் சொன்னேன் என்று திகைத்துப் போன அநுபவம் இவ்விளையாட்டுகளை ஆடிய யாருக்கும் உண்டு. நடிகனின் சிரமமும் இல்லை, ஆசிரியனின் அதிகாரமும் இல்லை.

ரெடிமேட் நாயகனுக்கு ஏன் இத்தனை கிராக்கி என்று ஆராய்ந்தால், கலைக் காரணங்களோடு வியாபாரக் காரணங்களும் தென்படும். முகமுள்ள நாயகனைப் பொம்மையாக, சட்டையாக, தொடராக, திரைப்படமாக விற்கலாம். நீங்களும் நானும் படைத்துக்கொண்ட முகத்தை யாருக்கு விற்பது? பெரிய கணினியும் கன்சோலும் இல்லாமல் கைபேசியே கதியென்றிருக்கும் நம் இளைஞர்களுக்கு இந்த வியாபாரம் வேறு ரூபத்தில் அறிமுகமாகியிருக்கிறது. சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் நடத்தும் ஃப்ரீ ஃபயர் கறாராகப் பார்த்தால் ஆர்.பி.ஜி. அல்ல, சுட்டு வீழ்த்தும் ஆட்டம்தான்; ஆயினும் அதில் கேரக்டர் என்பது பெயரும் கதையும் தனித்திறமையும் உள்ள ஒரு சரக்கு, விலை கொடுத்து வாங்கக்கூடியது. 2020-இல் ஹிருத்திக் ரோஷனை மாதிரியாகக் கொண்டு ஜெய் என்ற கேரக்டரை விட்டார்கள். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு அந்த ஆட்டத்தைத் தடை செய்தது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கென்றே புதிய பதிப்பு வருகிறது என்று விளம்பரம் செய்தபோது, மகேந்திர சிங் தோனியையே ஆடக்கூடிய கேரக்டராக்கி, அதற்குத் தல என்று பெயரிட்டிருந்தார்கள். அறிவித்த தேதியில் அது வெளிவராமல் ஒத்திவைக்கப்பட்டது. வந்திருந்தால் சேப்பாக்கத்தில் கூவிய குரல்களெல்லாம் அந்த வேஷத்தை வாங்க ஓடியிருக்கும் என்பதில் சந்தேகமில்லை. எனினும் தமிழ்ச் சொல் ஒன்று ஆட்டத்துக்குள் நுழைவதற்குக் கிடைத்த வழி, நம்மில் ஒருவனுக்குத் தன் பெயரை எழுத இடம் கொடுப்பதாக இல்லாமல், ஏற்கெனவே கோடி பேர் தலையில் வைத்திருக்கும் ஒருவரை மறுபடியும் விற்பதாக இருந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரகடத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் இந்த விவாதத்துக்குள் நான் இழுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. இங்கே வேலைக்கு வரும் இருபது வயதுப் பையனுக்கோ பெண்ணுக்கோ, நாளின் பெரும்பகுதியில் தன்னைப் பற்றிய விவரங்கள் வேறொருவரால் நிரப்பப்பட்டிருக்கின்றன. சட்டையின் நிறம், தொப்பி, ஐ.டி. கார்டில் உள்ள எண், எந்த லைன், எந்த ஷிப்ட், டிரெயினியா காண்ட்ராக்டா என்ற அந்தஸ்து, இறங்கும் பஸ் ஸ்டாப், எல்லாம் தயாராகக் காத்திருக்கின்றன. வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காகச் சிப்காட் கட்டி, 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்த குடியிருப்பில் 18,720 பேருக்கு இடமுண்டு. நல்ல காரியம், முன்பிருந்த நெரிசல் விடுதிகளைக் கண்டவர்கள் அதன் அருமையை அறிவார்கள். ஆனாலும் ஒருத்தியின் கட்டில் எதுவென்பதும் அங்கே நியமனம்தான். பெயர் என்பது இந்த வட்டாரத்தில் அற்ப விஷயமும் அல்ல. 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாமா என்பதே பதிவுக்குக் குறுக்கே நின்ற தகராறுகளில் ஒன்று. நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவாயிற்று.

இவ்வளவும் சொன்னதால், அலுத்து வருகிற தொழிலாளிக்கு விளையாட்டு விமோசனம் தரும் என்று நான் புராணம் பாடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்கு அறைக்கு வந்து சேர்ந்தவனுக்கு முகம் செதுக்கப் பொறுமை இராது. பத்து நிமிடம் சுட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவான். அது அவன் இஷ்டம். நான் சொல்வது, வாய்ப்பு இருந்து வேண்டாமென்பதும் வாய்ப்பே இல்லாமலிருப்பதும் ஒன்றல்ல என்பது மட்டுமே. நாள் முழுவதும் நியமிக்கப்பட்ட வேஷத்தில் நின்றவன், தன் சொந்தப் பணத்தில் வாங்கிய கைபேசியில், தன் சொந்த நேரத்தில், மறுபடியும் பிறர் நியமித்த வேஷத்தை மட்டுமே கட்ட முடியும் என்றால், அது கொஞ்சம் கஞ்சத்தனமான ஏற்பாடு.

சுயமாகப் படைத்த பாத்திரம் குற்றமற்றதென்று நான் சாதிக்கவில்லை. பயோவேர் நிறுவனத்தின் மாஸ் எஃபெக்ட் வரிசையில் நாயகனுக்கு ஷெப்பர்டு என்ற குடும்பப் பெயரை மட்டும் நிலையாக வைத்து, முதற்பெயரையும் முகத்தையும் ஆண் பெண் என்பதையும் நம்மிடம் விட்டார்கள். பிறர் கூப்பிட ஒரு பெயரும் ஆயிற்று, நமக்கு இடமும் ஆயிற்று. சமரசங்களில் இது புத்திசாலித்தனமானது. ஆயினும் 2012-இல் வந்த மூன்றாம் பாகத்தைப் பெண் ஷெப்பர்டாக ஆடியவர்கள் 18 சதவீதமே என்று அந்த நிறுவனம் சொல்லிற்று. 2021-இல் புதுப்பித்து வெளியிட்டபோது அது 32 சதவீதமாக ஏறியிருந்தது. விளம்பரத்தில் பெரும்பாலும் காட்டிய முகம் ஆணுடையது என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும். மேலும், எத்தனை மூக்கு வைத்தாலும், படைத்தவர்கள் கொடுத்த மூக்குகளிலிருந்துதான் நாம் பொறுக்க முடியும். நம் ஊர்க் கறுப்புக்கும் சுருட்டை முடிக்கும் வேட்டிக்கும் அந்தப் பெட்டியில் இடமில்லையென்றால், சுதந்திரம் என்பது பேரளவில்தான்.

இத்தனைக்குப் பிறகும், இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் சனங்கள் எதை எடுக்கிறார்கள் என்பதற்கு ஒரு பரீட்சை நடந்தே விட்டது. 2023 ஆகஸ்டில் பெல்ஜியத்து லேரியன் நிறுவனம் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3-இல், அஸ்டாரியன், கேல், ஷேடோஹார்ட் போன்ற, நல்ல எழுத்தாளர்கள் உயிர் கொடுத்த ரெடிமேட் பாத்திரங்களில் ஒன்றை எடுத்தும் ஆடலாம், நாமே ஒன்றைப் படைத்தும் ஆடலாம். அந்தப் பாத்திரங்களின்மேல் உலகமே மையல் கொண்டது. இருந்தும் ஓராண்டு கழித்து நிறுவனம் வெளியிட்ட கணக்கில், 93 சதவீதத்தினர் தாம் படைத்த பாத்திரத்தையே வைத்து ஆடியதாகக் கண்டது. அஸ்டாரியனை அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கவில்லை; அவனை நண்பனாக, காதலனாக, உடன் நடப்பவனாக வைத்துக்கொண்டார்கள்; அவனாக இருக்க மட்டும் விரும்பவில்லை. நன்றாக எழுதப்பட்ட பாத்திரத்துக்கு உரிய ஸ்தானம் நம் எதிரிலும் பக்கத்திலுமே தவிர, நம் ஆசனத்தில் அல்ல என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

நம்மவர்கள் செய்த முயற்சிகளையும் பார்த்துவிடலாம். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட வெண்பா, 1988-இல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தாயின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லி, அடுத்த ஆண்டில் பாஃப்டாவின் அறிமுகப் படைப்புப் பரிசைப் பெற்றது. அந்தத் தாயின் பெயரும் முகமும் தீர்மானிக்கப்பட்டவைதாம்; அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, ஏனென்றால் அது ஒருத்தியின் கதையைக் கேட்க அழைக்கிறதே தவிர, நீ யாராக வாழப்போகிறாய் என்று கேட்பதாகப் பாவனை செய்யவில்லை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் 2020-இல் தந்த ராஜி, தம்பியைத் தேடி அசுரரோடு பொருதும் ஒரு பெண்ணின் சாகசம், அதுவும் ஆர்.பி.ஜி. அல்ல. அந்த ரகத்தில் துணிந்தது போபாலின் பைரோடாக்டில் 2014-இல் வெளியிட்ட அன்ரெஸ்ட்: பஞ்சம் வாட்டும் ஒரு பழைய இந்திய நகரத்தில், விருப்பமில்லாத திருமணத்தை எதிர்கொள்ளும் ஊர்ப்பெண் முதல் அரசகுமாரி வரை வெவ்வேறு பேராக மாறி மாறி ஆட வைத்தது. நிலத்தை முழுமையாகச் சொல்லும் திறமை நம்மவர்களுக்கு உண்டென்பதை அது காட்டிற்று. ஆளை நம்மிடம் விடும் துணிவு மட்டும் பாக்கி.

ஆகவே சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் இனிமேல் விளையாட்டு படைக்க உட்காரும் இளைஞர்களுக்கு என் விண்ணப்பம் இது. இன்னொரு அர்ஜுனனையோ, இன்னொரு நட்சத்திரத்தின் முகத்தையோ எங்கள் கையில் கொடுக்காதீர்கள். அவர்களைக் கதைக்குள் நடமாட விடுங்கள், நாங்கள் சந்தித்துக்கொள்கிறோம். பொன்னேரிக் கழிமுகத்தையோ, ஜவ்வாது மலையையோ, படப்பைச் சந்தையையோ, வேண்டுமானால் இந்த ஒரகடம் சாலையையே எடுத்துக்கொண்டு, அதன் மழையையும் வெயிலையும் வழக்குகளையும் வஞ்சகங்களையும் உங்களால் முடிந்த மட்டும் நுணுக்கமாகக் கட்டுங்கள். கைபேசியில் ஓடும்படி செய்யுங்கள். முதல் திரையில் எங்கள் பெயரைக் கேளுங்கள். அதைத் தமிழ் எழுத்தில் எழுத இடம் விடுங்கள். அதன் பிறகு கதையைத் தொடங்குங்கள்.